தவிட்டுமட்டம் படகு இறங்கிய செவ்வாய்க்கிழமை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா. கடைசியில் இருப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பனி உள்ளே வருகிறது. இன்றைக்கு ஒரு படகுச் சங்கத்தின் கதை சொல்கிறேன். இதில் ராஜாவும் கிடையாது, பூதமும் கிடையாது. இருபத்திரண்டு பேரும் ஒரு படகும்தான். நடுவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், கதை கோபித்துக்கொள்ளாது.

தவிட்டுமட்டம் ஏரியில் கட்டிக் கிடந்த சங்கத்துப் படகு, 2019-ஆம் வருடம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்குத் தண்ணீரைவிட்டு நான்கு விரற்கடை மேலே எழும்பி நின்றது. அன்று ஊட்டி மார்க்கெட்டில் கேரட் கிலோ இருபத்தெட்டு ரூபாய். தவிட்டுமட்டம் எமரால்டுக்கு மேலே இருக்கிறது. ஏரிக்கு இக்கரையில் அறுபது வீடும், இசக்கிமுத்துவின் டீக்கடையும், ஊட்டி பஸ் நிற்கும் இடமும். அக்கரையில் பதினோரு வீடு, அக்கரை லைன் என்று பெயர். ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் பதினான்கு கிலோமீட்டர் மண்பாதை. ஜீப் வாரத்தில் மூன்று நாள் வரும், மழை வலுத்தால் அதுவும் வராது. குறுக்கே படகில் போனால் இருபது நிமிடம். அதற்காகத்தான் 1998-இல் இரு கரைக்காரர்களும் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். எங்கோ சுற்றுலா ஏரியில் கழித்து ஏலம் விட்ட நீல நிற ஃபைபர் படகு அது. பக்கவாட்டில் ஏழாம் எண் போட்டிருக்கும். நான்கு துடுப்பு. வலிப்பவர்களுக்குக் கூலி கிடையாது. இருபத்திரண்டு மெம்பர்களும் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு வாரத்தில் ஒரு நடை வலிக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், கேஸ் சிலிண்டரும், இரண்டு கல்யாணப் பெண்களும், ஒரு தரம் கட்டிலோடு ஒரு காய்ச்சல்காரரும் அதில் கரையேறினார்கள்.

மெம்பர்களில் பாதிப்பேர் சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். அங்கே விடியற்காலையில் கங்காணி முன்னால் வரிசையாக நின்று பேர் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். சங்கத்துக்கும் அந்த வழக்கத்தையே வைத்தார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் படித்துறையில் பெரட்டு. பேர் நோட்டு வைத்திருக்கும் மெம்பர் இருளப்பன் அதைப் பிரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். தொண்டை அப்படி, அக்கரையில் கோழி திரும்பிப் பார்க்கும். சிலோனில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் காய்ச்சலில் கிடந்தால், அவன் பேர் வெட்டுப்படக் கூடாதென்று பனிக்குள் மறைந்து நின்று, "நிக்கிறாருங்க" என்று யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ அடுப்பு அந்த ஒரு சொல்லால் எரிந்திருக்கிறது. பாத்திரம் பண்டத்தோடு அந்தச் சொல்லையும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். அதனால் அந்த மாசி ஞாயிற்றுக்கிழமை நோட்டில் இருபத்திரண்டு பேரும் வந்ததாக டிக் விழுந்திருந்தது. படித்துறையில் நின்றவர்கள் ஒன்பது பேர்.

முதலில் தண்ணீர்தான் வற்றிவிட்டது என்றார்கள். ஏரியைத் தேக்கும் அணையின் அளவுக்கல்லைப் பார்த்தார்கள், தண்ணீர் கோட்டில் இருந்தது. மாசி வெயிலில் ஃபைபர் காய்ந்து கனம் குறைந்திருக்கும் என்றார் இருளப்பன். அவர் சொல்லில் நியாயம் இருப்பதாகப் பட்டதால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். துடுப்பு தண்ணீரை எட்டியது, படகும் ஓடியது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இசக்கிமுத்து மட்டும் படித்துறைக் கம்பத்தில் கரிக்கட்டையால் உயரத்தைக் கோடு போட்டு வைத்தார். அடுத்த வருடம் ஊரடங்கு வந்தது, பையன்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள், இருப்பவர்கள் பைக் வாங்கினார்கள். படகு முழங்கால் உயரத்துக்கு வந்தது. ஆனால் கண்ணுகளா, ஒருவர்கூடச் சங்கத்தைவிட்டு விலகவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பைக்கில் எல்லோரும் சங்கத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் வந்தது, ரோஜாப்பூவோடு.

அக்கரை லைனில் இருந்த பரமசிவன், சங்கம் வைத்த நாளில் முதல் துடுப்பைப் பிடித்தவர். 2021-இல் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஊட்டி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்குக் காலை ஆறு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பஸ் இக்கரையில் நிற்கிறது. அவருடைய மகள் வாசுகி இக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். சங்கத்துக்குச் செயலாளர் பதவியை யாரும் ஏற்காமல் ஆறு மாதம் கிடந்தது. அதை அவள் எடுத்துக்கொண்டாள். அவளுடைய புருஷன் பாண்டியன், டீ பேக்டரியில் வேலை பார்ப்பவன், "ஏனுங்க செயலாளரே, எனக்கு ஏதாச்சும் லெட்டர் இருக்குங்களா" என்று ஒரு வாரம் கேலி செய்தான். அப்புறம் மாமனாருக்காக வாரத்தில் இரண்டு நடையும் அவனே துடுப்பு வலித்தான்.

ஆட்களைத் திரும்பக் கொண்டுவர வாசுகி முதலில் செய்ததெல்லாம் தப்பு. ஆளுக்கொரு பதவி கொடுத்தால் பற்று வரும் என்று யாரோ சொன்னார்கள். இருபத்திரண்டு பேருக்கும் பதவி கொடுத்துப் பொன்னாடை போர்த்தினாள். தலைவர், துணைத்தலைவர், துணைத்தலைவருக்கு ஆலோசகர், மழைக்காலப் பொறுப்பாளர் என்று வரிசையாக. அந்த வாரம் படகு ஒரு முழம் ஏறியது. பதவியில் இருப்பவர் துடுப்பைத் தொடுவது மரியாதையாக இருக்காது என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். அடுத்தது, விருந்து வைத்தாள். ஆட்டுக்கறிக் குழம்புக்கு அறுபத்து மூன்று பேர் வந்து சாப்பிட்டுப் போனார்கள், படகு அசையவில்லை. பத்து மூட்டை மணல் ஏற்றிப் பார்த்தாள். படகு அந்தக் கனத்தைத் தூசி மாதிரி வைத்துக்கொண்டு அதே உயரத்தில் நின்றது. மணலால் ஆகிற காரியமில்லை என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. வேறு எதனால் ஆகும் என்று மட்டும் புரியவில்லை. இருந்தாலும் அவள் விடுகிற ஜாதி இல்லை. மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு மறுநாள் கொழுந்துக்குப் போனாள்.

2022 ஐப்பசியில் படகு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. சவுக்கு மரம் கவாத்து வெட்டுகிற ஏணியை இரு கரையிலும் வைத்து ஏறினார்கள். துடுப்புகளில் மூங்கிலைச் சேர்த்துக் கட்டி நீளமாக்கினார்கள். பரமசிவன் வீங்கிய காலை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து ஏறி உட்கார்ந்து, மூச்சு வந்ததும் சொன்னார்: "செத்தாத்தான் மேல போகணும்பாங்க. எனக்கு உசுரோட இருக்கயிலயே பாதித் தூரம் ஏத்தி விட்டுட்டீங்க மாப்பிள்ளை."

"மீதித் தூரத்துக்கு ஏணி பத்தாதுங்க மாமா, இப்பிடியே உக்காந்துக்கங்க" என்றான் பாண்டியன்.

அக்டோபர் இருபத்தோராம் தேதி, வெள்ளிக்கிழமை, மூங்கில் கட்டிய துடுப்பும் தண்ணீரை எட்டவில்லை. பாதி ஏரியில் வைத்துப் படகு இன்னும் ஒரு சாண் ஏறிவிட்டது. பாண்டியன் ஒரு துடுப்பும் வாசுகி ஒரு துடுப்பும் பிடித்து வெறும் காற்றை வலித்தார்கள். பனி மூடியிருந்தது. இக்கரையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. காற்று மெல்லத் தள்ளி, பத்து மணிக்கு அவர்களை மறுபடி அக்கரையிலேயே கொண்டுபோய் விட்டது. அந்த வாரம் பாதையில் மண் சரிந்து ஜீப்பும் நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபோது, ஒரு தரம் தவறியதைத் தாங்குவார், செவ்வாய்க்கிழமையும் தவறினால் எங்களைக் கேட்கக் கூடாது என்றார்கள். சனிக்கிழமை பரமசிவனுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்கு வாசுகி வந்து நின்றாள். பாண்டியனை அப்பாவுக்குத் துணையாக விட்டுவிட்டு ஏரியோரக் காட்டுவழியாக நடந்து வந்திருந்தாள், சேலை முழங்கால்வரை சேறு. நின்றவர்கள் ஏழு பேர். ராத்திரிக் காற்று திரும்பி இக்கரைக்கே தள்ளிவிட்டிருந்த படகு தலைக்குமேல் நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இருளப்பன் நோட்டைப் பிரித்துக் கூப்பிட்டார். ராஜசேகர் என்றார், யாரோ நிக்கிறாருங்க என்றார்கள். சுகந்தி என்றார், நிக்கிறாங்க என்றார்கள். பரமசிவன் என்றார். பழக்கத்தில் ஆயம்மாளின் வாய் திறந்து, "நிக்கிறாருங்க" என்றது. இருளப்பன் டிக் போட்டார். எல்லோர் கண் முன்னாலும் படகு ஒரு சாண் மேலே போனது.

வாசுகி ஆயம்மாளைப் பார்த்தாள். ஆயம்மாள் வயதானவள், நல்லவள், வாசுகியின் பிரசவத்துக்கு வெந்நீர் போட்டவள்.

"எங்கப்பா எங்கீங்கத்தை நிக்கிறாரு? காட்டுங்க, பாக்கறேன்."

"பேரு வெட்டுப்படக் கூடாதுன்னு சொல்லிட்டேன் கண்ணு. வாய் தானா வந்துருச்சு."

"பேரு வெட்டுப்பட்டாப் பரவால்லீங்கத்தை. ஆளு இருக்கோணும்."

வாசுகி இருளப்பனின் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தாள். நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாப் பக்கமும் நிறைய டிக். அடித்தல் ஒன்றுகூட இல்லை. எஸ்டேட்டில்கூட இவ்வளவு சுத்தமான நோட்டு இருக்காது. பிறகு அவள் போய் ஏணியைச் சாய்த்துப் படகில் ஏறினாள். மூங்கிலை அவிழ்த்து எறிந்துவிட்டு ஒரு துடுப்பை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"இருக்கற கனத்தையும் எறக்கறயே சாமி, அது அவலாஞ்சிக்குப் பறந்துரும்" என்றார் இருளப்பன்.

"பறந்தா நாளைக்கு அவலாஞ்சிக்கு நடக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் துடுப்போடு மேட்டில் ஏறினாள்.

ராஜசேகர் பிக்கப் வண்டி ஓட்டுபவன். படித்துறைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. அவன் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வாசுகி துடுப்பைச் சாத்தினாள். அது உத்தரத்தைத் தொட்டது. சேறு கொஞ்சம் டைல்ஸில் விழுந்தது. அவன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"இதெ நான் என்னக்கா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் தம்பி. செவ்வாக்கெழம காலைல ஆறு மணிக்கு இது படித்துறைல இருக்கோணும். நாலு துடுப்புல ஒண்ணு கொறைஞ்சாலும் படகை எடுக்கப் போறதில்லை. வேற துடுப்பு வாங்கப் போறதுமில்லை."

"நான் வரலீன்னா?"

"வரலீன்னா எங்கப்பா அக்கரைல உக்காந்திருப்பாரு. உன்னைய ஏன்னு கேக்க மாட்டேன். துடுப்பு இங்கயே இருக்கட்டும், பாத்துட்டே சோறு உண்ணு."

அவள் திரும்பி வந்தபோது இசக்கிமுத்து கம்பத்தின் பக்கத்தில் கரிக்கட்டையோடு நின்றிருந்தார். படகு ஒரு சாண் இறங்கியிருந்தது. அவர் மூன்று தரம் அளந்துவிட்டு, டீயை ஆற்றிக் கொடுத்து, "வாசுகி, இன்னும் என்னென்ன கழட்டலாம் அதுல?" என்று கேட்டார். அப்புறம் அவரே ஸ்பேனர் எடுத்து வந்தார். நான்கு துடுப்பு நான்கு வீட்டுக்குப் போயின. துடுப்பு மாட்டும் இரும்புக் கொண்டிகள் நான்கு வீட்டுக்கு. உட்காரும் பலகைகள், கயிறு, தண்ணீர் இறைக்கிற வாளி, மிதவைச் சட்டைகள், பனியில் வழி தெரிவதற்காகக் கரையில் அடிக்கிற தண்டவாளத் துண்டு ஒரு வீட்டுக்கு, அதை அடிக்கிற சுத்தியல் எதிர்வீட்டுக்கு. அந்த இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை, தெரிந்தேதான் கொடுத்தாள். ஆயம்மாளுக்கு வாளி. "இதெ இழுத்துட்டு வர்ற வயசா கண்ணு எனக்கு" என்றாள் ஆயம்மாள். "மத்தவங்களுக்குப் பதிலாக் கொரல் குடுக்க மட்டும் வயசு இருக்குதுங்களா" என்றாள் வாசுகி. ஆயம்மாள் வாளியை வாங்கித் துடைத்து உள்ளே வைத்தாள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் வாசலில் வைத்த பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்தார். அவள் சோறு வடித்துவிட்டு மறுபடி கொண்டுபோய் வைத்தாள். அப்படி மூன்று தரம் போய் வந்தது பலகை. நான்காம் தரம் அங்கேயே நின்றது. திருப்பூரில் இருந்த பையன்களின் பொருளை அவர்கள் அண்ணனோ அம்மாவோ பொறுப்பேற்றார்கள். ஒவ்வொரு பொருளும் ஒரு வீட்டு நிலையைத் தாண்டும்போது படகு கொஞ்சம் இறங்கியது. திங்கட்கிழமை மத்தியானம் அது வெறும் நீலத் தொட்டியாக, எல்லாம் கழற்றப்பட்டு, இடுப்பு உயரத்தில் நின்றது.

மிச்சம் இருந்த ஊதலை வாசுகி அக்கரைக்குக் கொண்டுபோனாள். காட்டுவழியில் மூன்று காட்டெருமை நின்றன. அவை நகரும்வரை முக்கால் மணி நேரம் மழையில் நின்றுவிட்டுப் போனாள். பரமசிவன் சுவரோடு சாய்ந்திருந்தார். ஊதலை அவர் கழுத்தில் மாட்டினாள்.

"சீக்காளிக்கு எதுக்கம்மா இது?"

"நீங்களும் மெம்பர்தாங்கப்பா. நாளைக்குப் பனி இருக்கும். நீங்க ஊதுனாத்தான் எங்களுக்குக் கரை தெரியும்."

"மூச்சே இல்லீங்கிறேன்."

"இருக்கறதுல ஊதுங்க."

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் படித்துறையில் பனி கட்டியாக நின்றது. முதலில் வந்தது ஆயம்மாளும் வாளியும். பிறகு பலகைகள் வந்தன, கொண்டிகள் வந்தன. பேசாத இரண்டு வீட்டுக்காரர்களும் தண்டவாளத் துண்டை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, அப்போதும் பேசாமல் வந்தார்கள். துடுப்புகள் மூன்று வந்தன. ஆறு மணி ஆயிற்று. ராஜசேகர் வரவில்லை. யாரும் அவன் பேரைச் சொல்லவில்லை, அவனுக்காகக் குரலும் கொடுக்கவில்லை. ஆறு ஐந்துக்கு மேட்டிலிருந்து டார்ச் வெளிச்சம் தெரிந்தது. லுங்கியும் மங்கி குல்லாவுமாக ராஜசேகர் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "ரெண்டு நாளா ஊட்ல தூங்க முடியலக்கா, எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுதான் தெரியுது" என்றான்.

எல்லாவற்றையும் பூட்டினார்கள். படகு கணுக்கால் உயரத்துக்கு வந்து, அதற்குமேல் இறங்காமல் நின்றது. என்ன குறை என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு பத்து. அக்கரையிலிருந்து மெலிதாக, அறுந்து அறுந்து, ஊதல் சத்தம் வந்தது. வாசுகி எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டே வந்தாள். நோட்டு வைத்திருந்த கை ஒன்றுதான் பாக்கி. இருபத்து நான்கு வருடமாக ஒரு பெரட்டுகூடத் தவறாத இருளப்பன், துடுப்பு பிடித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வாசுகி மடியிலிருந்து படகின் அடி ஓட்டைக்கு வைக்கிற ரப்பர் தக்கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அதை அவள் இரண்டு நாளாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

"மாமா, இதெ நீங்கதான் வெக்கோணும். கீழயிருந்து."

"தண்ணி ஐஸா இருக்குமே சாமி."

"இருக்குமுங்க."

இருளப்பன் நோட்டைப் பார்த்தார், தக்கையைப் பார்த்தார். நோட்டைக் கடைப் பெஞ்சியில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எழுபத்தொரு வயதில், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து, படகின் அடியில் தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துத் தக்கையை அழுத்தினார். பல் அடிக்கிற சத்தம் கரைக்குக் கேட்டது. அவர் கையை எடுத்ததும் படகு தண்ணீரில் உட்கார்ந்தது. பசுமாடு படுப்பது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. சிற்றலை ஒன்று வந்து எல்லோர் காலையும் நனைத்தது.

அன்றைக்கு நான்கு துடுப்பும் தண்ணீருக்குள் இறங்கி வலித்ததால் பதினோரு நிமிடத்தில் அக்கரை சேர்ந்தார்கள். ஊதல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். திரும்பும்போது இக்கரையில் தண்டவாளம் அடிக்கிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பரமசிவனை நான்கு பேர் நாற்காலியோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். நேரமாகிவிட்டது என்று கத்த ஆரம்பித்த கண்டக்டர், சொட்டச் சொட்ட நின்ற இருளப்பனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் பரமசிவன் கால் வீக்கம் இறங்கித் திரும்பி வந்து, "ஆடு மாட்டுக்குத்தான் ஆள் தெரியும்பாங்க, படகுக்குக்கூட ஆள் தெரியுது பாருங்க" என்று சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கினார். அவர் இன்னும் இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் போய் வருகிறார். ஊதல் மூன்று மாறிவிட்டது.

துடுப்புகள் இப்போதும் வீடுகளில்தான் இருக்கின்றன. சாத்தி வைத்ததில் துண்டு காயப்போடுகிறார்கள், பலகையைப் பிள்ளைகள் எழுதும் மேசையாக வைத்துக்கொள்கிறார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் பொருளை இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் ஒரு நடை போய் வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் இது துடுப்பு உள்ள வீடு என்று தரகர் சொல்லுகிறார். வந்தவர்களுக்கு அது புரிவதில்லை, ஆனால் மரியாதையான விஷயம் என்று மட்டும் தெரிகிறது. பெரட்டு இன்னும் உண்டு. பேருக்குப் பதில், கொண்டு வந்த பொருளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கல்யாண மாதங்களில், காய்ச்சல் காலத்தில், படகு சில நாள் இரண்டு விரற்கடை எழும்பித்தான் நிற்கிறது. யாரும் வாயைப் பிளப்பதில்லை. எது வரவில்லை என்று பார்க்கிறார்கள், அந்த வீட்டுக்கு இரண்டு பேர் நடக்கிறார்கள். சுற்றுலா வந்த ஒருவர் அதைப் படம் பிடித்தார். படத்தில் படகு எழும்பி நின்றது தெரிந்தது. இது என்ன என்று அவர் காட்டிக் கேட்டதற்கு இசக்கிமுத்து, "ஆமாங்க, அன்னிக்கு ஜெபிஷா டீச்சருக்குக் காய்ச்சல்" என்று சொன்னார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு மழைநாளிலும் ஒரு தீக்குச்சியில் பற்றட்டும். உங்கள் பெரியவர்களுக்கு மூச்சு சீராக ஓடட்டும், பிள்ளைகளுக்குப் பசி நேரத்துக்கு வரட்டும். நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைத் தேட நாலு பேர் இருக்கட்டும். அவர்கள் வரும்போது உங்கள் வீட்டில் நாலு டம்ளர் டீக்குப் பால் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.